தர்மமா? கூலி பாக்கி!

2025 ஜனவரி 20-ந் தேதி, பதவி நாற்காலியில் உட்கார்ந்த அன்றே, டிரம்ப் துரை ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்: அயல்நாடுகளுக்கு அமெரிக்கா கொடுத்து வந்த உதவி 90 நாளைக்கு நிறுத்தம்! மார்ச் மாதம் அவருடைய வெளிநாட்டு மந்திரி ரூபியோ, யுஎஸ்எய்டு என்ற உதவி நிறுவனத்தின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவித்தார். மே 1-ந் தேதி அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆராய்ச்சி ஸ்தாபனம் இன்னொரு குண்டைப் போட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தாங்கள் வாங்கும் மானியத்தில் ஒரு பகுதியை வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையை, புதிய ஏற்பாடு வரும்வரை நிறுத்தி வைத்தது. ஜூலை 1-ந் தேதி யுஎஸ்எய்டே இழுத்து மூடப்பட்டது.

இந்த அடி யார் வயிற்றில் விழுந்தது? மருந்துக்கு வரிசையில் நின்ற ஆப்பிரிக்க ஏழையின் வயிற்றில் விழுந்தது. அது உலகம் அறிந்த விஷயம். பத்திரிகைகளில் அதிகம் அடிபடாத இன்னொரு கூட்டமும் உண்டு. ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் உபகாரச் சம்பளத்தை நம்பி ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் அவர்கள். தொலைமருத்துவத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் வழியாக ஓடிய அந்த வாய்க்காலில்தான் அவர்களில் பலருக்குத் தண்ணீர் வந்தது. மடையை அடைத்துவிட்டார்கள்.

தொலைமருத்துவம் என்றால் பெரிய மாயவித்தை அல்ல. கிராமத்து நர்ஸ் எடுத்து அனுப்பும் படத்தைப் பட்டணத்து நிபுணர் பார்த்து உடனே பதில் சொல்வது. கர்ப்பிணிக்குச் செல்போனில் யோசனை சொல்வது. டாக்டர் இல்லாத ஊருக்கு டாக்டரின் கண்ணையும் காதையும் கம்பியில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அவ்வளவுதான்.

“சோற்றுக்கே வழியில்லாதவனுக்கு ஆராய்ச்சி எதற்கு? செல்போன் வைத்தியம் எதற்கு?” என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். நம் ஊர்க் கூட்டங்களிலும் இந்தக் கேள்வி வருவதுண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் 2006-ல் கொடுத்த கணக்கைப் பார்க்கட்டும். உலகத்தின் நோய்ச் சுமையில் 24 சதவீதம் ஆப்பிரிக்கப் பிரதேசத்தின் தலையில். உலகத்தின் சுகாதார ஊழியர்களில் அங்கே இருந்தவர்கள் 3 சதவீதம். உலகம் சுகாதாரத்துக்குச் செய்த செலவில் அவர்கள் பங்கு 1 சதவீதம்கூட இல்லை. டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே கிடக்கிற தூரம்தான் அங்கே பாதி ஆட்களைக் கொல்கிற நோய் என்று நாம் சொல்லுவோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், பஸ் சார்ஜ் போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடவு நடுகிற நம் விவசாயக் கூலிப் பெண்ணுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தூரத்தைக் குறைக்கும் கருவியை லண்டனில் செய்து அனுப்பினால் போதாதா? போதாது. கரண்டு நிற்கிற ஊரில் அது தூங்கிவிடும். அந்த ஊர் பாஷை அதற்குத் தெரியாது. அந்த மண்ணில் பிறந்த மாணவன் ஆராய்ந்து செய்தால்தான் அந்த மண்ணில் ஓடும்.

கேமரூன் தேசத்து ஆர்தர் சாங் செய்து காட்டினார். யாவுண்டே நகரத்துப் பொறியியல் கல்லூரி மாணவர். அவருடைய நாட்டில் அப்போது சுமார் 2 கோடி ஜனங்களுக்கு இருதய நோய் நிபுணர்கள் 50 பேர்கூட இல்லை. இருந்தவர்களும் பெரும்பாலும் யாவுண்டே, துவாலா என்ற இரண்டு பட்டணங்களில். இருதயத் துடிப்பைப் பதிவு செய்து, செல்போன் கோபுரம் வழியாகப் பட்டணத்து நிபுணருக்கு அனுப்பும் கையடக்கக் கருவி ஒன்றை அவர் உருவாக்கினார். கார்டியோபேட் என்று பெயர். மூளை இருந்தது, உழைப்பு இருந்தது, வழிகாட்ட சாமுவேல் கிங்கே என்ற இருதய மருத்துவப் பேராசிரியர் இருந்தார். பணம் இல்லை! கடைசியில் தன் கருவியைப் பற்றி இணையத்தில் படம் போட்டு ஊர் உலகத்துக்குக் காட்டிய பிறகுதான் அந்த நாட்டு சர்க்கார் கண் விழித்து 2 கோடி சிஎஃப்ஏ பிராங்க் கொடுத்தது. நம் ரூபாயைப்போல நினைத்துவிடாதீர்கள்; டாலரில் அது சில பத்தாயிரங்கள்தான். பிறகு 2014-ல் ரோலக்ஸ் கைக்கடிகாரக் கம்பெனியின் விருது. 2016-ல் பிரிட்டிஷ் ராயல் பொறியியல் கழகத்தின் 25,000 பவுன் பரிசு.

பாராட்டுகிறோம். ஆனால் கேட்கிறோம்: ஒரு தேசத்தின் இருதய நோயாளிகள் கடிகார வியாபாரி எப்போது பரிசு கொடுப்பான் என்று காத்திருக்க வேண்டுமா? படம் போடத் தெரியாத, பரிசுக்கு மனுப்போடத் தெரியாத எத்தனை மாணவர்களின் காகிதங்கள் பெட்டிக்குள் மக்கிக் கிடக்கின்றன?

கொடுத்த காலத்திலும் எப்படிக் கொடுத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக்கு மானியம் கொடுத்தால் அதோடு கரண்டு, கட்டிடம், கணக்குப்பிள்ளை சம்பளம் போன்ற மேல்செலவுக்கும் ஒரு பங்கு சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு இது ஆராய்ச்சிச் செலவில் 50 சதவீதம், 60 சதவீதம்கூட உண்டு. வெளிநாட்டுக் கல்லூரிக்கு? நெடுங்காலமாக 8 சதவீதம்தான்! ஒரே ஆலையில் ஒரே தறி ஓட்டுகிறவர்களில் ஒருவனுக்கு ஒரு கூலி, இன்னொருவனுக்கு வேறு கூலி என்றால் நம் சங்கம் சும்மா இருக்குமா? எந்த நோயை ஆராய வேண்டும், எத்தனை வருஷத்தில் முடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவனும் பணம் கொடுக்கிறவன்தான். விதை நெல் கொடுத்த பண்ணையார் வரப்பில் குடை பிடித்து நிற்பதை நாம் பார்த்ததில்லையா?

“சரி, சர்க்கார் பணம் போனால் போகட்டும், தனியார் முதலீடு வரும்” என்று இப்போது புதிய பஜனை கேட்கிறது. வந்ததே! ருவாண்டாவுக்கு வந்ததே! பாபிலோன் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 2016-ல் அங்கே கடை விரித்தது. சாதாரண செல்போனிலேயே நர்ஸோடும் டாக்டரோடும் பேசலாம். ஜனங்கள் ஆவலோடு சேர்ந்தார்கள். சுமார் 1 கோடியே 30 லட்சம் ஜனத்தொகையில் 20 லட்சம் பேருக்கு மேல் பெயர் பதிந்தார்கள். 2020-ல் அந்த நாட்டு சர்க்கார் தன் ஜனங்களின் மருத்துவ இன்ஷூரன்ஸோடு இதை இணைத்துப் பத்து வருஷ ஒப்பந்தம் போட்டது. 2021-ல் கம்பெனி நியூயார்க் பங்கு மார்க்கெட்டில் ஏறியபோது அதன் மதிப்பு 420 கோடி டாலர் என்றார்கள். 2023-ல் திவால்! பத்து வருஷ ஒப்பந்தம் மூன்று வருஷத்தில் காற்றில் பறந்தது. ருவாண்டாவில் அந்தப் போன் ஊமையானது. அங்கே ஜனங்கள் ஏமாற்றவில்லை, டாக்டர்கள் ஏமாற்றவில்லை. அந்தச் சூதாட்டம் நடந்த இடம் நியூயார்க். தோற்றவன் கிகாலிக்குப் பக்கத்துக் கிராமத்து நோயாளி.

இதோடு தென்னாப்பிரிக்காவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே 2014 ஆகஸ்டில் சுகாதார இலாகாவே மாம்கனெக்ட் என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. கர்ப்பிணிகளுக்குத் தாய்மொழியில் இலவசமாகச் செல்போன் செய்தி; ஆஸ்பத்திரியில் குறை இருந்தால் புகார் சொல்லவும் வழி. சில வருஷங்களிலேயே பத்து லட்சம் தாய்மார்களுக்கு மேல் பதிந்துகொண்டார்கள். அதற்கும் யுஎஸ்எய்டு பணம் கொஞ்சம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் பெயர்ப் பதிவேடு சுகாதார இலாகாவின் கையில் இருந்தது. வித்தியாசம் அங்கேதான்.

இனி அந்த ‘தர்மத்தின்’ அளவை எடைபோடுவோம். 2021-ல் அமெரிக்க ஆராய்ச்சி ஸ்தாபனம் ஆப்பிரிக்காவில் சுகாதாரத் தகவல் ஆராய்ச்சிக்கு ஐந்து வருஷத்துக்குச் சுமார் 7 கோடியே 45 லட்சம் டாலர் என்று தாராளமாக அறிவித்தது. ஐக்கிய நாடுகளின் வர்த்தக வளர்ச்சி ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட அறிக்கையோ, கள்ளக் கணக்கு, வரி ஏய்ப்பு, விலையைக் குறைத்துக் காட்டி ஏற்றுமதி என்று பல வழியில் ஆப்பிரிக்காவிலிருந்து வருஷா வருஷம் வெளியேறும் பணம் 8,860 கோடி டாலர் என்கிறது. வகுத்துப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 24 கோடிக்கு மேல். ஐந்து வருஷத்துக்குக் கொடுப்பதாகச் சொன்ன தொகை எட்டு மணி நேரத்துக்குள் வெளியே போய்விடுகிறது. பஞ்சாலையில் ஒரு ஷிப்ட் முடிந்து சங்கு ஊதுவதற்குள்! தங்கமும் தாமிரமும் கோபால்ட்டும் தோண்டிக் கொடுத்தவன் கையில் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒரு ஷிப்ட் காசைத் திருப்பி வைத்துவிட்டு அதற்குத் தர்மம் என்று பெயர் சூட்டுகிறார்கள். நம் பாஷையில் அதற்குப் பெயர் கூலி பாக்கி. அதிலும் ஒரு துளி.

உள்ளூர் ஆளும் கூட்டத்தையும் நாம் விட்டுவிட முடியாது. 2001-ல் அபுஜா நகரத்தில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், பட்ஜெட்டில் 15 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று வாக்குக் கொடுத்தார்கள். தேசிய வருமானத்தில் 1 சதவீதம் ஆராய்ச்சிக்கு என்று வேறு கூட்டங்களில் தீர்மானம் போட்டார்கள். பெரும்பாலான சர்க்கார்கள் இரண்டையும் எட்டவில்லை. கார் பவனிக்குப் பணம் இருக்கிறது, கல்லூரிக்கு இல்லை. ஆனால் அவர்கள் கையைக் கட்டிப்போட்ட கயிறு எது? 1980-களில் கடன் கொடுத்தவர்கள் ‘செலவைக் குறை’ என்று மிரட்டினார்கள். 1986-ல் ஹராரே நகரத்தில் ஆப்பிரிக்கத் துணைவேந்தர்களிடமே உலக பாங்க், உங்களுக்கு உயர்கல்வி ஓர் ஆடம்பரம் என்று வாதாடியதாக அறிஞர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கல்லூரியைப் பட்டினி போட்டவர்களே, பிறகு ஆராய்ச்சிப் பிச்சைப் பாத்திரத்தையும் கையில் கொடுத்தார்கள்.

வேறு விதமாகவும் கொடுக்க முடியும் என்பதற்குச் சரித்திரம் உண்டு. 1960-ல் மாஸ்கோவில் திறந்த மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம், மறு வருஷம் படுகொலையான காங்கோ வீரர் லுமும்பாவின் பெயரைச் சூட்டிக்கொண்டு ஆப்பிரிக்க ஏழை வீட்டுப் பிள்ளைகளை டாக்டராக்கி அனுப்பியது. அமெரிக்க முற்றுகையில் மூச்சுத் திணறும் கியூபா, 1999-ல் ஹவானாவில் மருத்துவக் கல்லூரி திறந்து ஆப்பிரிக்க மாணவர்களுக்கும் இலவசமாக இடம் கொடுத்தது.

நம் தேசத்துக்கும் இதில் பங்கு உண்டு. ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம் ஜனாதிபதியாக இருந்தபோது 2004-ல் யோசனை சொல்லி, 2009-ல் துவங்கிய ஆப்பிரிக்க மின்வலைத் திட்டத்தை, பொதுத்துறைக் கம்பெனியான டிசிஐஎல் கட்டியது. அதன் வழியே இந்திய டாக்டர்கள் ஆப்பிரிக்க நோயாளிகளைப் பார்த்தார்கள். மாணவர்கள் பாடம் படித்தார்கள். அந்த வலையைக் கட்டியது பொதுத்துறை! இப்போது வாஷிங்டன் மடையை அடைத்த நேரத்தில் இந்திய சர்க்கார் என்ன செய்யப் போகிறது? ஆப்பிரிக்க மாணவர்களுக்குக் கொடுக்கும் ஸ்காலர்ஷிப்பில் தொலைமருத்துவ ஆராய்ச்சிக்கென்று தனி ஒதுக்கீடு வேண்டும். பணம் நேராக அந்த நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். எதை ஆராய்வது என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும்; நோயாளிகளின் பதிவேடு அந்த நாட்டுச் சுகாதார இலாகாவிடம் இருக்க வேண்டும்; கண்டுபிடித்த கருவிக்கு எந்தக் கம்பெனியும் பட்டா போடக் கூடாது.

மில் கேட்டிலும் களத்து மேட்டிலும் அடுத்து கூடும் சங்கக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்கி டில்லிக்கு அனுப்புங்கள் தோழர்களே. நம் கிராம ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் நாற்காலி காலியாக இருந்தால் அதையும் அதே காகிதத்தில் எழுதுங்கள்.