எத்தனை கிலோ எண்டு கேட்க முதல்

எங்கட ஊர் ஜிம்களில் ஒரு பொடியன் ஸ்குவாட் அடிச்சு முடிச்சால் வாற முதல் கேள்வி ஒண்டுதான்: "மச்சான், எத்தனை கிலோ?" நூறு எண்டால் மரியாதை. அந்த நூறோட அவன் எவ்வளவு கீழே போனான் எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை. ஆழம் சொல்லாத எடை அரைக் கணக்கு என்பதுதான் எங்கள் வாதம்.

ஒருவன் 100 கிலோவோடு 20 சென்ரிமீற்றர் இறங்கி ஏறுகிறான். இன்னொருவன் 70 கிலோவோடு 50 சென்ரிமீற்றர். எடையைத் தூரத்தால் பெருக்கிப் பாருங்கள்: 2000, 3500. பாரை உயர்த்தச் செய்த வேலை இரண்டாமவனுக்கே முக்கால் பங்கு கூட. அதோட, தொடை தரைக்குச் சமாந்தரமாக வரும்போதுதான் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நெம்புகோல் நீளம் கூடும். ஏறும்போது பலர் திணறுவதும் அந்த இடத்துக்குக் கிட்டத்தான். கால்வாசி இறங்குபவன் அந்தக் கஷ்டமான இடத்துக்கே போவதில்லை. அதனால்தான் அவனால் பிளேட் கூட்ட முடிகிறது. ஆனால் முள்ளந்தண்டுக்கு அந்தச் சலுகை இல்லை. கால் கொஞ்சமாக உழைத்தாலும், கூட்டின கிலோ முழுக்க முதுகில்தான்.

போட்டி உலகம் இதை எப்பவோ விளங்கிக்கொண்டுவிட்டது. பவர்லிஃப்டிங்கில் இடுப்பு மூட்டுப் பக்கம் தொடையின் மேற்பரப்பு முழங்கால் உச்சிக்குக் கீழே போகாவிட்டால் தூக்கினது செல்லாது. 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில் 69 கிலோ பிரிவில் வெள்ளி வென்ற எங்கள் நாட்டு இந்திக்க திசாநாயக்கவும், 77 கிலோவில் தங்கம் வென்ற வேலூர் சதீஷ் சிவலிங்கமும் செய்த ஸ்னாட்ச், ஆழக் குந்திப் பாரைத் தலைக்கு மேல் ஏந்துகிற தூக்கு. ஆழம் இல்லாமல் அந்தப் பதக்கங்கள் இல்லை.

"ஆழமாப் போனா முழங்கால் போயிடும்" என்ற பயம் 1961இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன் சொன்னதோடு பரவியது. பிறகு வந்த ஆய்வுகள், ஒழுங்காகச் செய்த ஆழ ஸ்குவாட் மூட்டு நார்களைத் தளர்த்துவதாகக் காணவில்லை. 2019இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில் 10 வாரப் பயிற்சிக்குப் பிறகு பிட்டத் தசையும் உள் தொடையும் முழு ஸ்குவாட் செய்தவர்களுக்கே கூட வளர்ந்தன. முன் தொடை இரண்டு பகுதியினருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

குந்துறது எங்களுக்குப் புதுசும் இல்லை. கடற்கரையில் வலை பொத்துற ஐயாமார், மீன் வெட்டுற அம்மாமார் மணிக்கணக்காகக் குந்தித்தான் இருக்கிறார்கள். கோயிலில் தோப்புக்கரணம் போட்ட சனம் நாங்கள். கதிரையும் கொமட்டும் பழகின எங்கட தலைமுறைக்குத்தான் குதிக்கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது.

எல்லாரும் அடிமட்டம் வரை போகத்தான் வேணும் எண்டு நாங்கள் சொல்லவில்லை. இடுப்பின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. பாய்தலுக்குப் பயிற்சி எடுப்பவர் பாதி ஸ்குவாட்டையும் காரணத்தோடு சேர்க்கலாம். முழங்கால் நோ இருந்தால் வைத்தியரைக் கேளுங்கள். மற்றவர்கள் 20 கிலோ வெறும் பாரோடு தொடங்குங்கள். முதுகு வளையாமல், குதிக்கால் எழும்பாமல் போகக்கூடிய ஆழம்தான் உங்கட ஆழம். ஒவ்வொரு முறையும் அதைத் தொட்ட பிறகு பிளேட் கூட்டுங்கள். ஆழம் குறைந்தால் பிளேட்டைக் கழற்றுங்கள்.

பயிற்சி சொல்லிக் கொடுக்கிற அண்ணாமாரிடம் ஒரு வேண்டுகோள்: சுவரில் சாதனை எழுதும்போது கிலோவுக்குப் பக்கத்தில் ஆழத்தையும் எழுதுங்கள். பதினாறு வயசுப் பொடியன் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் தன்ர முதுகில் எவ்வளவு ஏத்துறது எண்டு முடிவெடுக்கிறான்.