புகைபோக்கி இல்லாமல் பிறக்கும் புகை

நன்னிலத்தில் யாரைக் கேட்டாலும் புகையைப் பற்றிச் சொல்வார்கள். அரிசி மில்லின் உமிப்புகை, செங்கல் சூளைப் புகை, அறுவடைக்குப் பின் வைக்கோல் எரியும் புகை. இவை கண்ணுக்குத் தெரிந்த புகைகள். எந்தப் புகைபோக்கியிலிருந்தும் வராத புகை ஒன்றும் உண்டு. அது வெயிலில், காற்றிலேயே பிறக்கிறது.

ஹைட்ரோகார்பன் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 2017இல் நெடுவாசல் மக்கள் போராடியபோது டெல்டா முழுவதும் அந்தச் சொல் ஒலித்தது. அது மண்ணையும் நிலத்தடி நீரையும் என்ன செய்யும் என்று பேசினோம். காற்றில் அது என்ன செய்யும் என்பதையும் பேச வேண்டும்.

பெட்ரோலின், கச்சா எண்ணெயின் ஆவிதான் ஹைட்ரோகார்பன். எஞ்சினும் கொதிகலனும் எரியும்போது நைட்ரஜன் ஆக்சைடு வருகிறது. இரண்டும் வெயிலில் கலந்தால் ஓசோன் என்ற காரமான வாயு உண்டாகிறது. டொலுவீன் போன்ற கனத்த ஆவிகள் பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டு மேலும் கனக்கின்றன. பிறகு ஆவியாக நிற்க முடியாமல் நுண்துகளாகத் திரள்கின்றன. தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவான அந்தத் துகளை மூக்கு தடுக்காது. அது நுரையீரலின் அடிவரை போகும்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை 1943இல் இப்படியொரு புகை மூடியது. சுற்றுப்புறத் தோட்டங்களில் கீரை இலைகள் வெளிறின. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன விஞ்ஞானி, எண்ணெய் ஆலையும் மோட்டாரும் விடும் ஆவியே காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் நிரூபித்தார். எண்ணெய் முதலாளிகள் ஒப்பினார்களா? பணம் கொடுத்து வேறு ஆராய்ச்சிக்கூடத்தைக் கொண்டு மறுக்கச் செய்தார்கள். ஆனாலும் உண்மை வென்றது. எண்ணெய்த் தொட்டிகளின் ஆவியை அடக்கச் சட்டம் வந்தது.

பயிருக்கு நேர்வதைப் பாருங்கள். ஓசோன் இலையின் துளை வழியே புகுந்து, இலை உணவு சமைப்பதைக் கெடுக்கிறது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டில் மட்டும் ஓசோனால் 21 லட்சம் டன் நெல்லும் 35 லட்சம் டன் கோதுமையும் நஷ்டமாயின என்று 2014இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. விளைச்சல் குறைந்தால் முதலில் குறைவது யாருடைய கூலி? களத்தில் நிற்பவனுக்குத் தெரியும்.

நமக்குக் கிழக்கே, நாகூர் அருகே பனங்குடியில் 1993 முதல் இயங்கிய சுத்திகரிப்பு ஆலையின் திறன் ஆண்டுக்கு 10 லட்சம் டன்னாக இருந்தது. அங்கே 90 லட்சம் டன் ஆலைக்கு 2021இல் அடிக்கல் நாட்டினார்கள். டெல்டாவைப் பாதுகாக்க 2020இல் வந்த சட்டம் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடக்கும் வேலைகளை அது தொடவில்லை.

"ஆலை வேண்டாமா, வேலை வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேலையும் வேண்டும், மூச்சும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறிக்க யாருக்கு உரிமை?

ஓசோன் உருவாகச் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவே கேடு ஆலையின் வாசலோடு நிற்பதில்லை. கொண்டல் வீசும் திசையில் பல மைல் தள்ளியும் விழும். வாசலில் மட்டும் அளந்துவிட்டுச் சுத்தம் என்று சொன்னால், நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்ணின் மூச்சு எந்தக் கணக்கில் சேரும்?

நம் கோரிக்கைகள் எளியவை. நன்னிலம் வட்டாரத்திலும் ஓசோனையும் நுண்துகளையும் அளக்க வேண்டும். அந்த அளவைத் தமிழில் ஊராட்சிப் பலகையில் எழுத வேண்டும். எரித்துவிடும் வாயு எவ்வளவு, தொட்டிகளில் கசியும் ஆவி எவ்வளவு என்று எண்ணெய் நிறுவனங்கள் கணக்குக் காட்ட வேண்டும். ஆவியைப் பிடித்து அடக்கும் சாதனங்கள் உலகில் எழுபது ஆண்டுகளாக உள்ளன. அதற்கான செலவை லாபத்திலிருந்து கொடுக்கட்டும், நம் நுரையீரலிலிருந்து அல்ல.

கண்ணுக்குத் தெரியாத புகையை முதலில் கணக்குக்குக் கொண்டுவருவோம். கிராம சபையில் இதைக் கேளுங்கள், தோழர்களே!