பருவம் என்னும் செல்வம்

தமிழிலக்கணம் நிலத்தையும் பொழுதையும் ஒருசேர முதற்பொருள் என்று வகுத்தது. நிலம் மட்டும் இருந்தால் போதாது. அந்நிலத்துக்குரிய பொழுதும் கூடியபோதுதான் அது முழுமை பெறுகின்றது என்பது தொல்காப்பியர் கண்ட நெறி. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, அவ்வந் நிலத்துப் புள்ளையும் விலங்கையும் மரத்தையும் பூவையும் கருப்பொருள் என்று முறைப்படுத்தினர் நம் முன்னோர். இவற்றை நாம் வகுப்பறையில் கற்பிக்கின்றோம். மாணவர்களும் தேர்வில் பிழையின்றி எழுதுகின்றனர். ஆயினும், தம் ஊர்க் கண்மாயில் இறங்கியிருக்கும் பறவை எது, எத்திங்களில் வந்தது, எப்போது திரும்பும் என்று வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. பாடநூலில் வாழும் பருவம் நம் வாழ்விலிருந்து விலகி வருகின்றது. இதனைக் குறித்துச் சற்றே சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மாவட்டம், இரு பருவங்கள்

2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் தனி மாவட்டமாக உருப்பெற்ற தென்காசி, இயற்கையின் இரு முகங்களை ஒரே எல்லைக்குள் கொண்டது. மேற்கே குற்றாலம், வடகிழக்கே திருவேங்கடம். ஆனி, ஆடித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக்கு மேற்கேயுள்ள ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து வருங்கால், குற்றாலத்தில் சாரல் தூவுகின்றது, அருவிகள் ஆர்ப்பரிக்கின்றன. அதே காற்று கிழக்கே திருவேங்கடத்துக் கரிசலை அடையும்போது ஈரத்தை இழந்து, புழுதியை வாரி இறைக்கும் வறண்ட காற்றாகி விடுகின்றது. அம்மியும் பறக்கும் ஆடிக்காற்று என்று பெரியோர் சொன்னது இக்காற்றைத்தான். திருவேங்கடத்து உழவர் தம் மழைக்கு ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருத்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிறைந்தால்தான் அவ்வூர்க்குப் பருவம்.

ஆனால் நம் மக்கள் வழக்கில் ‘சீசன்’ என்றால் அது ஒன்றே; குற்றாலத்து அருவி மட்டுமே. கரிசலுக்கும் ஒரு பருவம் உண்டு, அதற்கும் விருந்தினர் உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பாராத பொருளைப் பேணுதல் எவ்வாறு இயலும்?

சாரலை நாம் நடத்தும் முறை

சித்தாறு பிறக்கும் குற்றால மலையில் பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, புலியருவி, பழைய குற்றால அருவி எனப் பல அருவிகள் வீழ்கின்றன. காட்டுக்குள்ளே செண்பகாதேவி அருவியும் தேனருவியும் உள. பேரருவியின் நீர் நேரே நிலத்தில் வீழாது, இடையேயுள்ள பொங்குமாக்கடல் என்னும் ஆழ்குழியில் தங்கித் தன் வேகம் தணிந்து, பின்னரே நீராடுவோர் தலைமீது இறங்குகின்றது. ஏழையும் செல்வரும், எச்சமயத்தாரும், கட்டணமின்றி அருகருகே நின்று நீராடும் இத்தகைய இடங்கள் நாட்டில் மிகுதியாக இல்லை. ஆகவே மக்கள் அங்குச் செல்லலாகாது என்று நாம் ஒருபோதும் கூற மாட்டோம். சாரலில் நனைவது நம் மக்களின் உரிமை.

எனினும், அவ்வுரிமை எவ்வாறு கையாளப்பட்டது என்பதற்கு நீதிமன்றப் பதிவுகளே சான்று. 2014-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்தத் தடை விதிக்க வேண்டியதாயிற்று. 2022-ஆம் ஆண்டில், இயற்கையான நீர்வழிகளைத் திருப்பித் தனியார் விடுதிகளுக்குள் செயற்கை அருவி அமைத்த செயல் அதே மன்றத்தின் முன் வந்தது. அவற்றை மூட மன்றம் ஆணையிட்டது. முன்னது அறியாமையால் விளையும் கேடு. பின்னது ஆசையால் விளையும் கேடு. ஊரார் அனைவர்க்கும் பொதுவான நீரை ஒருவர் தம் மதிலுக்குள் அடைத்துச் சீட்டு விற்பது, பருவத்தையே களவாடுதற்கு ஒப்பாகும்.

2024-ஆம் ஆண்டு மே 17 அன்று, சாரல் பருவம் தொடங்கும் முன்னரே, கோடை மழையால் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து பதினேழு வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. மேலே மலையில் பெய்யும் மழையைக் கீழே நிற்போர்க்கு நொடியில் அறிவிக்கும் ஏற்பாடு எத்துணை இன்றியமையாதது என்பதை அவ்விழப்பு உணர்த்தியது. அருவி என்பது குழாயன்று. அது காட்டின் ஒரு பகுதி. காட்டை அறியாது அருவியை மட்டும் நுகர்வோம் என்பது நடவாத செயல்.

கரிசலுக்கு வரும் விருந்தினர்

இனித் திருவேங்கடத்தின் பக்கம் வருவோம். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த உளுந்தும் பாசியும் சோளமும் மக்காச்சோளமும் தழைத்து நிற்கும் காலத்தில், வான்வழியே அயல்நாட்டு விருந்தினர் வந்து சேர்கின்றனர். கிழக்கு ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் குஞ்சு பொரித்த சூறைக்குருவிகள் பல்லாயிரமாகத் திரண்டு, மாலை வானில் புகைமண்டலம்போல் சுழன்று உடைமரங்களில் அடைகின்றன. மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக அமர்கின்றன. ஆளரவமற்ற புல்வெளிகளின் மேலே பூனைப்பருந்துகள் தாழப் பறந்து எலியையும் வெட்டுக்கிளியையும் தேடுகின்றன. உழவர்க்குக் கூலியின்றி உழைக்கும் காவலர் இவை.

இப்பறவைகளின் இருப்பிடத்தை நாம் எப்பெயரால் அழைக்கின்றோம்? ‘தரிசு’ என்கின்றோம். நம் நாட்டின் தரிசு நில வரைபடங்களில் புல்வெளிகள் பலவும் அப்பெயராலேயே இடம்பெற்றுள்ளன. மரமில்லா நிலம் பயனற்ற நிலம் என்று கருதி, அதனை மனைகளாக்குவதற்கும் குப்பை கொட்டுவதற்கும் நாம் தயங்குவதில்லை. மலையையும் அருவியையும் அழகு என்று காணப் பழகிய நம் கண்கள், கரும்புலத்தின் அழகைக் காணப் பழகவில்லை.

பெயரே மறந்துபோனால் என்னாகும் என்பதற்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திருவேங்கடத்துக்கு அண்மையிலுள்ள கழுகுமலை பறவையின் பெயரால் விளங்கும் ஊர். ஆனால் பிணந்தின்னிக் கழுகுகள் இன்று தமிழகத்தில் பெரும்பாலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய காடுகளில் மட்டுமே எஞ்சியுள்ளன. கால்நடைகளுக்குச் செலுத்தப்பட்ட டைக்குளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டின் ஊன் வழியே அவற்றைக் கொன்றது. 2006-ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்படுவதற்குள் இந்தியாவின் கழுகுகள் பெரும்பான்மையும் அழிந்து போயின. ஊர்ப்பெயரில் இருக்கும் பறவை ஊர் வானத்தில் இல்லை என்பது நமக்கு எச்சரிக்கையாதல் வேண்டும்.

அறிதலே காத்தலின் தொடக்கம்

18-ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில், வேட்டுவனாகிய சிங்கன் பறவைகளின் வரவைக் காணும் பகுதி உண்டு. வயல்களில் இறங்கும் புட்கள் அதில் பெயர்பெயராகக் கூறப்படுகின்றன. கண்ணி வைக்க வந்தவனுக்கும் அன்று பறவையின் பெயர் தெரிந்திருந்தது. அதன் வரவுக்குரிய காலமும் தெரிந்திருந்தது. இன்று பட்டம் பெற்ற நமக்கு அது தெரியவில்லை.

பறவையியல் பேரறிஞர் சலீம் அலி, 1908-ஆம் ஆண்டில் சிறுவராக இருந்தபோது தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு வியந்து, அதன் பெயரறிய விரும்பிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்த ஒரு வினா வேட்டையில் விருப்புற்ற சிறுவரை வாழ்நாள் முழுதும் பறவைகளை ஆராய்ந்து காத்த பெரியாராக்கிற்று. 1912-ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், நம் மண்ணின் புள்ளையும் விலங்கையும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிக் காட்டினார். இவ்விருவர்க்கும் ஆர்வமும் அன்பும் கூர்ந்த நோக்குமே முதலாயின.

இங்கிலாந்து நாட்டார் தம் நாட்டுப்புறத்தின் பருவ அழகைப் பெரிதும் போற்றுவோர். அந்நாட்டின் நார்ஃபோக் பகுதியில் வாழ்ந்த இராபர்ட் மார்ஷம் என்பார் 1736-ஆம் ஆண்டு தொடங்கி, முதல் தகைவிலான் வந்த நாள், முதற்பூ மலர்ந்த நாள், மரங்கள் தளிர்த்த நாள் ஆகியவற்றை ஆண்டுதோறும் குறித்து வைத்தார். அவர் மறைந்த பின்னும் அவர்தம் குடும்பத்தார் 1958 வரை அப்பணியைத் தொடர்ந்தனர். தட்பவெப்பம் மாறி வருவதை ஆராயும் இன்றைய அறிஞர்க்கு அக்குறிப்புகள் கருவூலமாக விளங்குகின்றன. இளவேனிலில் காட்டுத்தரையெங்கும் பூக்கும் நீலமணிப்பூச் செடிகளை நிலவுரிமையாளர் இசைவின்றி வேரோடு பிடுங்குதல் அந்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

ஆயினும் அந்நாட்டை அப்படியே முன்மாதிரியாகக் கொள்ளவும் நாம் கூறவில்லை. 1930-களுக்குப் பின் ஐம்பதாண்டுகளில் இங்கிலாந்தும் வேல்சும் தம் பூம்புல்வெளிகளில் 97 விழுக்காட்டை இழந்தன என்பது அவர்களே எழுதி வைத்த கணக்கு. அழகைப் பாடினால் மட்டும் போதாது, அந்நிலத்தையும் விட்டு வைத்தல் வேண்டும் என்பதே அக்கணக்கு கூறும் பாடம்.

நம் மண்ணிலேயே உள்ள நெறி

நமக்கு உகந்த முன்மாதிரி நெல்லைச் சீமையிலேயே இருக்கின்றது. நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் ராம்சர் ஈரநிலமாகவும் ஏற்பு பெற்றது. ஆனால் அரசாணைக்கு நெடுங்காலம் முன்பே அவ்வூரார் பறவைகளின் வரவை ஊருக்கு வரும் நற்பேறாகக் கருதினர். வீட்டு முற்றத்து மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டியபோது விரட்டாது ஏற்றனர். பண்டிகை நாளிலும் வெடி வெடிப்பதைத் தவிர்த்தனர். பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் அவர்தம் வயலுக்கு உரமாயிற்று. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்து அக்குளத்தை நாடி வருவது அந்த நல்லுறவின் பயனே.

‘வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாத இடத்தில் பறவைக்கு என்ன பரிவு?’ என்று கேட்பாரும் உளர். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. குற்றாலத்தில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் விற்கும் சிறு வணிகர் முதல் கண்மாயில் மீன்பாசி ஏலம் எடுப்போர் வரை, பருவத்தை நம்பிப் பிழைப்போர் பலர். ஆனால் அருவி வறண்டாலும் கண்மாய் தூர்ந்தாலும் முதலில் பட்டினி கிடப்போரும் அவர்களே. எனவே பருவத்தைக் காத்தல் அவர்தம் பிழைப்பைக் காத்தலேயாகும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, நம் பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் ஒவ்வொன்றும் ஒரு பருவக் குறிப்பேட்டைத் தொடங்குதல் வேண்டும். முதற்சாரல் விழுந்த நாள், ஊர்க் கண்மாய் மறுகால் பாய்ந்த நாள், வேம்பு பூத்த நாள், சூறைக்குருவி வந்த நாள், அது நீங்கிய நாள் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு மாணவரும் தத்தம் ஊரில் கண்டு எழுதினால் போதும். பத்தாண்டுகளில் அது எந்த ஆய்வேட்டுக்கும் குறையாத ஆவணமாகும். இதற்குப் பொருட்செலவும் இல்லை.

இரண்டாவதாக, மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் நடத்தி வரும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் அறிவியல் மாணவர்களோடு தமிழ் மாணவர்களும் பங்கு கொள்ளுதல் நன்று. ஊர்தோறும் வழங்கும் பறவைப் பெயர்களைத் தொகுக்கும் பணி தமிழ் கற்றோர்க்கே உரியது.

மூன்றாவதாக, ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எம்மரத்தில் எப்பறவை அடையும், எக்காற்றுக்கு எம்மழை வரும் என்னும் அறிவு தங்களிடமே எஞ்சியிருக்கின்றது. அதனைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித் தாருங்கள். கண்மாய்க் கரையில் வெடி வெடிக்கலாகாது, வலை விரிக்கலாகாது, கூடுள்ள மரத்தைக் குஞ்சு பறக்கும் வரை வெட்டலாகாது என்று ஊர்க்கூட்டத்திலும் ஜமாஅத்திலும் ஒரு சொல் சொல்லப்படுமாயின், அது எச்சட்டத்தினும் வலிமையுடையதாக இருக்கும்.

அருவியில் நீராடச் செல்வோம், மகிழ்வோம். அவ்வாறே ஒரு மார்கழி மாலையில் திருவேங்கடத்துக் கரிசலிலும் நின்று, உடைமரத்தில் அடையவரும் பறவைக் கூட்டத்தைக் காண்போம். வந்த விருந்தினரின் பெயரைக் கேட்டறிவதே விருந்தோம்பலின் முதற்படி. அவ்வளவேனும் செய்தால், அடுத்த ஆண்டும் அவ்விருந்தினர் நம் வாயில் தேடி வருவர்.