கருத்துக் கேட்டால் போதுமா?

காட்டுப்பள்ளி என்று சொன்னாலே துறைமுக விரிவாக்கம் வேண்டுமா வேண்டாமா என்றுதான் பேச்சு போகிறது. பெரிய கேள்விதான். 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிக்கும் அந்தத் திட்டத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள். இரண்டு முறையும் தள்ளிவைத்தார்கள். நான் இன்று எழுத வந்தது அதைவிடச் சின்ன கேள்வி. இந்தக் கரை மக்களின் மேம்பாட்டுக்கு என்று வரும் பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்?

இங்கே வராத திட்டம் இல்லை. கப்பல் கட்டும் தளம் வந்தது, துறைமுகம் வந்தது. அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பமே இடம் பெயர்ந்தது. நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் ஆலை 2010-இல் திறந்தது. இவ்வளவு முதலீட்டிலும் குப்பத்துக்காரர் கையில் ஒரு ரூபாய்க்கான தீர்மானம்கூட இருந்ததில்லை.

2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதை எப்படிச் செலவிடுவது என்று பரிந்துரைக்கும் குழுவில் இருப்பவர்கள் அந்தக் கம்பெனியின் இயக்குநர்கள். ஊராருக்கு அங்கே நாற்காலி இல்லை. அரசுப் பக்கம் கிராமசபை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கூட்ட வேண்டும் என்று 2022-இல் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் தீர்மானம் ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று மேலே போகும். அங்கே ஒதுக்கீடு ஏற்கெனவே முடிந்திருக்கும். கோப்புகளோடு காலம் தள்ளிய என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இது புதிதல்ல.

பிரெஞ்சு வழியில் படித்ததால் அந்நாட்டுச் செய்திகளை இன்றும் வாசிக்கிறேன். 2005-இல் பாரிஸ் புறநகர்களில் கலவரம் வெடித்தது. அது தொடங்கிய ஊர் கிளிஷி-சூ-புவா. அந்த ஊரைச் சேர்ந்த மொஹமத் மெஷ்மாஷும் சமூகவியலாளர் மரி-எலென் பாக்கேயும் 2013-இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த சட்டம், உதவி தேவைப்படும் பேட்டைகள் எல்லாவற்றிலும் குடிமக்கள் மன்றம் அமைக்கச் சொன்னது. குடியிருப்போரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆணும் பெண்ணும் சரிபாதி இருக்க வேண்டும் என்றது. ஆனால் அறிக்கை கேட்டிருந்த தனி நிதி சட்டத்தில் வரவில்லை. மன்றம் பேசலாம், பெட்டிச் சாவி வேறிடத்தில். எனக்கு இதுதான் பெரிய பாடமாகப் பட்டது.

பணத்தோடு செய்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1998-இல் தொடங்கிய திட்டத்தில் 39 பேட்டைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் பத்தாண்டுகளுக்கு ஏறக்குறைய 5 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். அதை வழிநடத்தும் வாரியங்களில் அங்கே குடியிருப்பவர்களும் அமர்ந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? கேரளத்தில் 1996-இல் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பிறகுதான் ஊர்க்கூட்டங்களில் திட்டம் போடச் சொன்னார்கள். தொகை தெரிந்தால்தான் கூட்டத்தில் பொறுப்பு வரும். தெரியாவிட்டால் வருவது கோரிக்கைப் பட்டியல்.

“மீனவர்களுக்குக் கணக்கு பார்க்க வருமா?” என்று கேட்பவர்கள் பழவேற்காடு ஏரியின் பாடு முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த இடத்தில், எந்த முறைக்கு, யார் வலை போடுவது என்று தலைக்கட்டு கணக்கெடுத்துச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. முறை மாறிக்கொண்டே வரும். தாசில்தார் இல்லாமல் பல தலைமுறையாக நடந்த நிர்வாகம் இது.

அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லமாட்டேன். பாடு உரிமை குறிப்பிட்ட சமூகத்து ஆண்களுக்கு உரியது. கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணுக்கும், தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும் அதில் இடமில்லை. ஊர் வாரியம் என்று ஒன்று வந்தால், இவர்களுக்கும் சேர்த்துத்தான் சீட்டுப் போட வேண்டும். பெரிய தலைகள் நான்கு பேர் வாரியத்தைக் கைப்பற்றிவிடுவார்கள் என்ற பயத்துக்கும் மருந்து அந்தச் சீட்டுதான்.

என் யோசனை இவ்வளவே. காட்டுப்பள்ளி முதல் பழவேற்காடு வரை ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு வாரியம். பாதிப் பேரை வாக்காளர் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுக்கட்டும், சரிபாதி பெண்கள். ஊராட்சித் தலைவரும் உடன் இருக்கட்டும். அரசுத் தொகையும் கம்பெனித் தொகையும் எவ்வளவு என்று ஏப்ரல் மாதமே பலகையில் எழுதட்டும். கரை அரிப்புக்குத் தடுப்பா, வலை பின்னும் கூடமா, மீன் விற்கும் பெண்களுக்கு வண்டியா என்று ஊர் முடிவு செய்யட்டும். வேலை முடிந்ததா என்று பொறியாளர் அளவுப் புத்தகத்தில் எழுதுவதோடு, வாரியமும் கையெழுத்துப் போட்டால்தான் பில் பாஸாக வேண்டும். கணக்கைக் கிராமசபையில் உரக்கப் படிக்க வேண்டும்.

தவறுகள் நடக்கும். தேவையில்லாத இடத்தில் ஒரு கட்டடம் எழும்பலாம். இப்போது மட்டும் எழும்பவில்லையா? ஊரே முடிவு செய்த தவறை அடுத்த கூட்டத்தில் ஊரே கேட்கும். மேலிருந்து வந்த தவறுக்கு யாரைக் கேட்பது?

தேர் இழுக்க மட்டும் ஊர் கூட வேண்டும், திருவிழாக் கணக்குக்கு வேண்டாம் என்றால் அது என்ன நியாயம்?