மாட்டைப் பாருங்கள், பிறகு வரையுங்கள்!



'ஒரு மாடு வரையுங்கள்' என்று வகுப்பில் சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா? நாற்பது பேரும் ஒரே மாட்டைத்தான் வரைவார்கள். பக்கவாட்டில் நிற்கும், மேசைக்கால் போல நான்கு கால்கள் இருக்கும். இன்னும் சிலர், காலண்டர் படத்தின் மேல் தாளை வைத்துக் கோடு இழுப்பார்கள். அல்லது செல்போனில் உள்ள போட்டோவை அப்படியே பிரதி எடுப்பார்கள். 'அடடா! போட்டோ மாதிரியே இருக்கே!' என்று பெரியவர்களும் பாராட்டுவார்கள். போட்டியில் பரிசுகூடக் கிடைக்கும்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பென்சிலால் ஒரு பிராணியின் முகத்தை வரைய ஆசைப்படும் பிள்ளை, முதலில் அந்தப் பிராணியை நேரில், பொறுமையாகப் பார்க்க வேண்டும். கை வேலை அதற்குப் பிறகுதான்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் டியூரர் என்ற மாபெரும் ஓவியர் இருந்தார். 1502இல் அவர் வண்ணத்தில் தீட்டிய முயலில் ஒவ்வொரு ரோமமும் தெரியும். தொட்டால் ஓடிவிடுமோ என்று தோன்றும். அதே டியூரர், 1515இல் ஒரு காண்டாமிருகத்தை வரைந்தார். அது நம் இந்தியாவிலிருந்து போர்ச்சுகல் நாட்டுக்குக் கப்பலில் போனது. டியூரர் அதைப் பார்க்கவே இல்லை. யாரோ எழுதி அனுப்பிய விவரத்தையும், ஒரு சிறு படத்தையும் வைத்தே வரைந்தார். விளைவு? உடம்பு முழுக்கப் போர்வீரனின் இரும்புக் கவசம் போல் தகடுகள். முதுகில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு! ஐரோப்பா முழுவதும் 200 ஆண்டுகளுக்கு மேல் அதையே உண்மை என்று நம்பியது.

கை அதே கைதான். திறமையும் அதே திறமைதான். முயலை அவர் கண் பார்த்திருந்தது, காண்டாமிருகத்தைப் பார்க்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, எதைப் பார்ப்பது? கண்ணிலிருந்து தொடங்குங்கள். வெயிலில் பூனையின் கண்மணி நெட்டுக்கோடாகச் சுருங்கும். ஆட்டின் கண்மணியோ படுக்கைவசத்தில் இருக்கும். நாய்க்கு வட்டம். அடுத்து ரோமம். மூக்கிலிருந்து பின்னோக்கி அது எப்படிப் படிந்து போகிறது என்று கவனியுங்கள். மாட்டின் நெற்றியில் சுழி இருக்கும். சந்தையில் பெரியவர்கள் சுழி பார்த்துத்தானே மாடு வாங்குகிறார்கள்! மாட்டின் மூக்கில் உள்ள வரிகள்கூட, நம் கைரேகை போல, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. ஆகவே, 'ஏதோ ஒரு மாடு' என்று எதுவும் இல்லை. உங்கள் வீட்டு லட்சுமி வேறு, எதிர்வீட்டு மாடு வேறு.

பென்சிலையும் தெரிந்துகொள்ளுங்கள். அதில் இருப்பது ஈயம் அல்ல, கிராஃபைட். நம் சிவகங்கை மாவட்டத்தில்கூட அது பூமியிலிருந்து கிடைக்கிறது. அதோடு களிமண் கலந்து சுட்டுத்தான் பென்சில் குச்சி செய்கிறார்கள். களிமண் கூடினால் கோடு வெளிறும். கிராஃபைட் கூடினால் கறுக்கும். எச்.பி., 2பி, 6பி மூன்றும் இருந்தால் போதும். கண்ணில் மின்னும் வெளிச்சப் புள்ளியை வரையக்கூடாது. அந்த இடத்தில் தாளை வெள்ளையாகவே விட்டுவிட வேண்டும். பூனையின் வெள்ளை மீசைக்கு ஒரு வழி சொல்கிறேன். மை தீர்ந்த ரீஃபிலால் முதலில் அழுத்திக் கோடு போடுங்கள். அதன்மேல் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால், பள்ளத்தில் கருமை ஏறாது. மீசை வெள்ளையாகத் தெரியும்!

'ஆடு அசையாமல் நிற்குமா, ஐயா?' என்று கேட்பீர்கள். நிற்காதுதான். அதற்காகக் கட்டிப் போடாதீர்கள். அது படுத்து அசைபோடும் நேரத்தில் போய் உட்காருங்கள். எழுந்து போனால் அடுத்த பக்கத்தில் வேறொன்று தொடங்குங்கள். பத்துச் சிறு படங்களுக்குப் பிறகு போட்டோவைத் துணைக்கு வைத்துக்கொண்டால் தவறில்லை. ஆனால் ஒன்று. செல்போனை மிக அருகில் வைத்து எடுத்த போட்டோவில் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும். நேரில் பார்த்தவனுக்குத்தான் அது தவறு என்று தெரியும். தெருநாயை வரைவதானால் தள்ளியே உட்காருங்கள். சாப்பிடும் நாயையும் குட்டி போட்ட நாயையும் நெருங்கவே கூடாது.

பரிசைவிடப் பெரிய லாபம் ஒன்று இதில் இருக்கிறது. ஒரு நாயின் முகத்தை அரைமணி நேரம் உற்றுப் பார்த்து வரைந்த பிள்ளைக்கு, மறுநாள் அதன்மேல் கல்லெறிய மனம் வருமா? காதில் இருக்கும் பழைய காயம் தெரியும். ஒட்டிய வயிறு தெரியும். அது வெறும் 'தெருநாய்' இல்லை, நமக்குத் தெரிந்த ஒரு முகம் என்று ஆகிவிடும்.

கடைசியாக ஒரு கேள்வி. மாட்டின் காது கொம்புக்கு மேலே இருக்கிறதா, கீழேயா? யோசித்துச் சொல்லாதீர்கள். போய்ப் பார்த்துவிட்டு வரைந்து காட்டுங்கள்!