கேரி பேக்குக்கு 120, வயலுக்கு 25!

மஞ்சப்பை எடுத்துட்டுப் போய் காய் வாங்கறீங்களா? சந்தோஷம், நானும் அப்படித்தான். ஆனா அந்தப் பையில விழற கிருஷ்ணகிரித் தக்காளியும் விழுப்புரம் தர்பூசணியும் எது மேல விளைஞ்சு வந்துதுன்னு யோசிச்சதுண்டா? பல வயல்கள்ல மல்ச்சிங் ஷீட் மேலதான். மேல் பக்கம் வெள்ளி, அடியில கருப்பு, பாத்தி நீளத்துக்கும் இழுத்து விரிச்ச பாலித்தீன்.

120 மைக்ரானுக்குக் குறைஞ்ச கேரி பேக்குக்கு 2022 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை. மெலிசா இருந்தா கிழிஞ்சு பறக்கும், பொறுக்கி எடுக்க முடியாது. நியாயம்தான். வயல்ல விரிக்கிற ஷீட்? பெரும்பாலும் 25, 30 மைக்ரான். அதுக்கு அரசாங்கத்தோட பாதி விலை மானியம் வேற! என்ன கணக்குங்க இது?

விவசாயியைத் திட்ட வரலை. களை எடுக்க ஆள் இல்லை, கிணத்துல தண்ணி இல்லை. ஷீட் போட்டா ரெண்டு தலைவலியும் குறையுது, மறுக்கலை. ஆனா அந்த மானியம் விரிக்கிறதுக்குத்தான். வெயில்ல நைஞ்சு, தொட்டா கிழியறதை உரிச்சு எடுக்கற கூலி யார் தலையில? மிச்சம் மண்ணுல கிடக்கும்போதே ரொட்டவேட்டரை விட்டு ஒரே ஓட்டு. துண்டு துண்டாகி மண்ணோட மண்ணாயிடும்.

"பாலித்தீன் பாட்டுக்குக் கிடக்கும், மண்ணை ஒண்ணும் பண்ணாது"ன்னு ஒரு சமாதானம் சொல்லுவாங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோபம் வருது. வெறும் பாலித்தீன் வெயில் தாங்காது. அதனால புற ஊதாக் கதிரைத் தாங்க ஒண்ணு, காத்துல கெடாம இருக்க ஒண்ணுன்னு ரசாயனங்களைச் சேர்க்கறாங்க. இதுல பலது பாலித்தீனோட வேதிப்பிணைப்புல இல்லை. சாம்பார்ல பெருங்காயம் மாதிரி சும்மா கலந்து கிடக்கு. மெல்லக் கசியும்.

சீனாவுல ஷீட் விரிச்ச வயல்களோட மண்ணுல தாலேட்டுகளைக் கண்டுபிடிச்சிருக்காங்க. ஹார்மோனைக் குழப்பற சரக்கு. குழந்தைங்க வாயில வைக்கும்னு, பொம்மைகள்ல மூணு தாலேட்டுகள் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு ஐரோப்பா 2005-லேயே சட்டம் போட்டுது. மண்புழு மண்ணையே தின்னு வாழுது, அதுக்கு எந்தச் சட்டம்? தாலேட் கலந்த மண்ணுல மண்புழு பாதிக்கப்படறதை சோதனைகள் காட்டியிருக்கு. பயிர் வேரும் அதை உறிஞ்சும். அதாவது மறுபடி நம்ம மஞ்சப்பைக்கே!

2015-ல வந்த மண்வள அட்டை 12 விஷயங்களைச் சொல்லும். தழை, மணி, சாம்பல், துத்தநாகம், கார அமில நிலை... இந்தச் சேர்மானங்கள்ல ஒண்ணு கூட அதுல கிடையாது. பார்க்காத வரைக்கும் மண் சுத்தம்தானே :-)

8 மைக்ரான் ஷீட்டை அள்ள முடியாம அவதிப்பட்ட சீனாவே 2017-ல தரக்கட்டுப்பாட்டை மாத்தி 10 ஆக்கிடுச்சு. நாம அதைவிடத் தடிமன்னு மார்தட்டிக்க வேண்டாம், கேரி பேக்குக்கு 120 கேட்டவங்க நாமதான்.

யூரியாவைத் திட்டிப் பதிவு போடற நண்பர்களே, அடுத்த பதிவுல இதையும் கேளுங்க. மானியத்துல ஒரு பங்கைப் பிடிச்சு வெச்சு, பழைய ஷீட்டை எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கறப்போ தரட்டும். அட்டையில 13-வதா ஒரு கட்டம் போடட்டும்.