உங்கள் நிறுவனம் அனுமதிக்கவில்லையாம்!

பதிவு எழுதி மாசக்கணக்காச்சு. ஆணி அதிகம், வேறென்ன. ஆனா போன வாரம் எங்க வீட்டு ஹால்ல நடந்த கூத்தை எழுதலைன்னா மண்டை வெடிச்சிடும். இது பாதி புலம்பல், மீதி சண்டை. பொட்டி தட்டுற சமாச்சாரமே ஆகாதுங்கிறவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

ஊர்ல இருந்து அப்பாவும் அண்ணனும் பெங்களூரு வந்திருந்தாங்க. அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு திருநெல்வேலிக்குப் பஸ். ஊர்ல இறங்கினதும் தோட்டத்து எல்லை விஷயமா வக்கீல்கிட்ட பேப்பரைக் காட்டணும். பட்டா, வில்லங்கச் சான்று, தாத்தா காலத்து மூலப்பத்திரம்னு எல்லாத்தையும் பல வருஷமா ஸ்கேன் பண்ணி சேர்த்து வெச்சிருக்கேன். அது இருக்கிற இடம், டிவிக்குக் கீழ ஓடிட்டிருக்கிற ஒரு பழைய லினக்ஸ் பொட்டி. எஸ்.பி. ரோட்டுல பேரம் பேசி பார்ட் பார்ட்டா வாங்கி 2012ல நானே பூட்டினது. அண்ணன் மடியில புது லேப்டாப். ரெண்டுக்கும் நடுவுல நாலடி தூரம். ஒரே வைஃபை. "அஞ்சு நிமிஷம்ணே"ன்னு சொல்லிட்டு உக்காந்தேன். அப்போ மணி ஏழு.

நெட்வொர்க் ஐகானைத் திறந்தா லினக்ஸ் பொட்டி இருக்கிறதாவே காட்டலை. சரின்னு ஐ.பி. நம்பரை நேரா அடிச்சேன். வந்த செய்தியோட சாரம் இது: உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை காரணமாக, அடையாளம் சொல்லாத விருந்தாளியாக இந்த ஃபோல்டருக்குள் போக முடியாது.

எந்த நிறுவனம்? அண்ணன் உரக்கடை வெச்சிருக்கார். லேப்டாப் சொந்தக் காசுல வாங்கினது. எங்க வீட்டுல பாதுகாப்புக் கொள்கை போடுற ஒரே நிறுவனம் தங்கமணி. அவங்களும் பஸ்ஸுக்குப் புளியோதரை கட்டுறதுல பிஸி.

எட்டரை மணி வரைக்கும் அப்பா பொறுமையா பாத்துட்டு இருந்தார். அப்புறம் கேட்டார்: "ஏல, இதுக்கா ஒனக்கு மாசம் பொறந்தா சம்பளம் குடுக்காவ?"

பதில் இல்லை. கடைசியில ஃபைல்களைத் துண்டு துண்டா மெயில்ல அனுப்பினேன். அப்பாவோட கையெழுத்து, ஆதார், சர்வே நம்பர் எல்லாம் ஹால்ல ஒரு மூலையில இருந்து கிளம்பி, எந்த ஊர் டேட்டா சென்டரையெல்லாமோ சுத்திட்டு, நாலடி தள்ளி வந்து இறங்குச்சு. பஸ்ஸைப் பிடிச்சாச்சு. எனக்கு மட்டும் தூக்கம் வரலை.

மறுநாள் ஆபீஸ்ல ஒரு நண்பர்கிட்ட சொன்னா, சிரிக்கிறார். "இந்தக் காலத்துல எவன்டா லோக்கல் ஷேரிங் பண்றான்? க்ளவுட்ல போட்டுட்டுப் போவியா." சண்டை இந்த ஒரு வாக்கியத்தோடதான்.

முதல்ல என் தப்பை ஒத்துக்கிறேன். 2012ல ஃபோல்டரை ஷேர் பண்ணப்போ பாஸ்வேர்டு வைக்கலை. யார் வேணா விருந்தாளியா வரலாம்னு திறந்து விட்டிருந்தேன். 2024 அக்டோபர்ல வெளியான விண்டோஸ் 11 24எச்2ல இருந்து, ப்ரோ பதிப்புல, எஸ்.எம்.பி.ங்கிற ஃபைல் பகிர்வு நெறிமுறையில ஒவ்வொரு சேதிக்கும் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். பாஸ்வேர்டு இல்லாம வர்ற விருந்தாளிக்குக் கையெழுத்துப் போட சாவியே கிடையாது. பத்திர ஆபீஸ்ல கையெழுத்து இல்லாத பத்திரத்தை நீட்டின மாதிரிதான்.

இந்த மாற்றம் தப்புன்னு நான் சொல்ல வரலை. 2017 மே 12ஆம் தேதி வானாக்ரை கிளம்பினப்போ, எஸ்.எம்.பி.யோட ஆதிகாலப் பதிப்புல இருந்த ஓட்டை வழியாத்தான் உலகம் பூரா பூந்துச்சு. பிரிட்டன்ல ஆஸ்பத்திரிகள் முடங்கிச்சு, இங்க ஆந்திர போலீஸ் கணினிகள் சிலவும் மாட்டிச்சு. அதுக்கான ஒட்டு அந்த மார்ச் மாசமே வந்திருந்தும் பல பேர் போடலை. அந்த வருஷக் கடைசியில இருந்து விண்டோஸ் 10ல பழைய பதிப்பை இயல்பா நிறுவுறதையே நிறுத்தினாங்க. சாம்பாவும் 2019ல அதை அணைச்சு வெச்சுது. எல்லாம் சரியான முடிவு. கதவைப் பூட்டு, வேண்டாம்னு சொல்லலை. ஆனா பூட்டுனவன் சாவி எங்க இருக்குன்னு சொல்லணுமா இல்லையா? "இந்த ஃபோல்டருக்கு பாஸ்வேர்டு இல்லை, அந்தக் கணினியில ஒரு பயனர் கணக்கு உண்டாக்கிட்டு வாங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தா, உரக்கடைக்காரரே கூட புரிஞ்சுக்குவார். இல்லாத நிறுவனத்தைக் காரணம் காட்டினா அவர் என்ன நினைப்பார்? நமக்கு இதெல்லாம் ஆகாது, மெயில்ல அனுப்பிடுவோம்னு ஒதுங்கிடுவார்.

நெட்வொர்க் ஐகான்ல பொட்டி தெரியாததுக்கும் இதே வரலாறுதான் காரணம். பக்கத்துக் கணினிகளைப் பேர் சொல்லிக் காட்டுற வேலை அந்தப் பழைய பதிப்பை நம்பி இருந்துச்சு. அது போனதும் விண்டோஸ் வேற முறைக்கு மாறிச்சு. மேக் எப்பவும் தன் வழியில பேர் சொல்லும். ஒரே தெருவுல மூணு பேர் மூணு பாஷையில கூவுறாங்க, ஒருத்தர் கூவுறது மத்தவர் காதுல விழாது. நடுவுல நாம "நெட் கேபிள் சரியா மாட்டியிருக்கா?"ன்னு தேடிட்டு இருக்கோம்.

கொஞ்சம் கொசுவர்த்தியைச் சுத்திக்கிறேன். இந்த எஸ்.எம்.பி. 1980களோட ஆரம்பத்துல ஐ.பி.எம்.ல பேரி ஃபைகன்பாம் உருவாக்கினது. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்துச்சு. மத்த கணினிகள் அதோட எப்படிப் பேசுறதுங்கிற முழு விவரத்தையும் வெளிய விடலை. 1991 கடைசியில ஆஸ்திரேலியாவுல கான்பெரா பல்கலைக்கழகம் ஒண்ணுல ஆராய்ச்சி மாணவரா இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தன் டாஸ் கணினியில இருந்து யூனிக்ஸ் கணினியோட டிஸ்க்கைப் பார்க்கணும்னு, கம்பியில போற வர்ற சேதிகளை ஒட்டுக்கேட்டு, மறுபக்க நிரலைத் தானே எழுதினார். அதுதான் பின்னாடி சாம்பா ஆச்சு (நம்ம சம்பா நெல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. எஸ், எம், பி மூணு எழுத்தும் வரிசையா வர்ற சொல்லை அகராதியில தேடி வெச்ச பேர்).

இந்த ஒட்டுக்கேட்கிற முறையை அவர் ஒரு பிரெஞ்சு ஹோட்டல் உவமையில விளக்குவார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பெங்களூரு வந்த புதுசுல தர்ஷினி கவுன்ட்டர்ல நின்னு நாம கன்னடம் கத்துக்கிட்ட கதைதான். முன்னாடி நிக்கிறவர் "எரடு இட்லி, ஒந்து வடே"ங்கிறார், ரெண்டு இட்லியும் ஒரு வடையும் வருது. அடுத்தவர் "ஒந்து காஃபி"ங்கிறார், ஒரு காபி வருது. பத்து நாள் நின்னா பாஷை பிடிபட்டுடும். இலக்கணப் புத்தகத்தை யாரும் கொடுக்கலை, அவ்வளவுதான். ஆனா கவுன்ட்டர்ல இருக்கிறவர் வருஷா வருஷம் புதுச் சொல்லா சேர்த்துக்கிட்டே போனா? சாம்பா குழு பதினஞ்சு வருஷம் அந்தக் கவுன்ட்டர்லதான் நின்னுச்சு.

இலக்கணப் புத்தகம் கோர்ட் வழியாத்தான் வந்துச்சு. 2004 மார்ச்ல ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்ட்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டு, போட்டியாளர்களுக்கு இந்த விவரங்களைக் கொடுன்னு உத்தரவு போட்டுச்சு. வழக்கு நடக்கும்போதே எதிர்ப்பக்கம் இருந்த சன், நோவெல், ரியல்நெட்வொர்க்ஸ் எல்லாம் பெரிய தொகைக்குச் சமரசம் பண்ணிட்டு விலகிடுச்சு. சாம்பாக்காரங்களும் ஐரோப்பிய கட்டற்ற மென்பொருள் அமைப்பும் விலகலை. 2007 செப்டம்பர்ல நீதிமன்றம் ஆணையத்தோட உத்தரவை உறுதி செஞ்சுது. அந்த டிசம்பர்ல, ஒரு தடவை 10,000 யூரோ கட்டி, ஆவணங்கள் சாம்பா கைக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் மைக்ரோசாஃப்ட் இந்த நெறிமுறை ஆவணங்களைத் தன் தளத்துலயே எல்லாரும் படிக்கிற மாதிரி போட்டுச்சு, இன்னிக்கும் இருக்கு. அதையும் சொல்லணும் இல்லையா.

அதாவது, இன்னிக்கு லினக்ஸ் பொட்டியில விண்டோஸ் ஃபோல்டர் திறக்குதுன்னா, அது தானா நடந்ததில்லை. காசுக்கு மடியாத சில பேர் சண்டை போட்டு வாங்கின உரிமை அது. "க்ளவுட்ல போடு"ன்னு சொல்றப்போ அதைத்தான் நாம அலட்சியமா தூக்கிப் போடுறோம்.

சுத்தி என்ன நடக்குதுன்னு பாருங்க. விண்டோஸ் 7ல ஹோம்குரூப்னு ஒண்ணு இருந்துச்சு. வீட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு, எல்லாப் பொட்டியும் சேர்ந்துடும். விண்டோஸுக்குள்ள மட்டும்தான், ஆனாலும் சுலபம். 2018ல அதைத் தூக்கினப்போ மாற்றா கைகாட்டினதுல ஒண்ணு ஒன்டிரைவ். ஆப்பிள் 2011ல ஏர்டிராப் கொண்டு வந்துச்சு, தன் சாதிசனத்துக்குள்ள மட்டும். கூகுள் அதோட பேசுற வழியை பிக்சல் 10ல கொண்டு வந்தது 2025 நவம்பர்ல. பதினாலு வருஷம்! அதே கூகுள் ஃபோட்டோஸ்ல அளவில்லாம இலவசமா போடலாம்னு சொன்னாங்க, நாமளும் மொத்தக் கல்யாண ஆல்பத்தையும் ஏத்தினோம். 2021 ஜூன் 1ஆம் தேதியில இருந்து 15 ஜி.பி.க்கு மேல காசு. ஊருக்குள்ள போற மண்ரோட்டை முள்ளு வளர விட்டுட்டு, பைபாஸ்ல டோல்கேட் போட்டா எல்லாரும் பைபாஸ்லதான் போவாங்க. இது திட்டமிட்ட சதின்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லை. முள்ளை வெட்ட யாருக்கும் ஆதாயம் இல்லைன்னு மட்டும் சொல்வேன்.

இன்னொரு கூத்தை இங்க எழுதியே ஆகணும். இதை நம்மைத் தவிர யாரும் எழுத மாட்டாங்க. அன்னிக்கு ராத்திரி லினக்ஸ்ல போயி "தோட்டம்"னு ஃபைலைத் தேடினா, இல்லைங்குது. கண்ணுக்கு முன்னாடி "தோட்டம்" இருக்கு! காரணம் என்னன்னா, யுனிகோட்ல "தோ"வை ரெண்டு விதமா எழுதலாம். "த"வோட ஓகாரக் குறியை ஒரே குறியா சேர்க்கலாம், இல்லைன்னா இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியா. ரெண்டுமே சரி, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மேக்கோட பழைய ஃபைல் முறையான ஹெச்.எஃப்.எஸ். பிளஸ், பேரைப் பிரிச்சுத்தான் சேமிக்கும். லினக்ஸுக்கு ஃபைல் பேர்ங்கிறது வெறும் பைட்டுகள். பிரிச்சது வேற, சேர்த்தது வேற. வேற ஒரு கணினியில ஸ்கேன் பண்ணி இங்க காப்பி பண்ணின ஃபைல் அது. ஆங்கிலத்துல "கார்டன்"னு பேர் வெச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்லை.

அப்பா ஃபைலுக்கு நீளமா பேர் வைப்பார். "வடக்கு எல்லை வாய்க்கால் கரை ஓரம் 1974 கிரயம்" மாதிரி. லினக்ஸ்ல ஒரு பேருக்கு 255 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியா. அதனால ஆங்கிலத்துல 255 எழுத்து, நமக்கு 85 குறி. விண்டோஸ் வேற மாதிரி எண்ணும், அங்க 255 குறி போகும். அங்க நல்லா இருக்கிற ஃபைல் இங்க காப்பி ஆக மறுக்கும், செய்தியில காரணம் புரியவே புரியாது. டிஸ்கி எழுத்துரு காலத்துல இருந்து தமிழ்ல பேர் வெச்சு அடி வாங்கினவன் நான். இருபது வருஷம் கழிச்சும் அப்பாகிட்ட "இங்கிலீஷ்ல பேர் வைங்கப்பா"ன்னு சொல்ல வாய் வரலை.

இனி நம்ம ஆளுங்க. 2001ல இருந்து லினக்ஸ் பெங்களூர்னு மாநாடு நடந்த ஊர் இது (2005ல ஃபாஸ்.இன்னு பேர் மாத்தினாங்க). உலகத்துல பாதிப் பேரோட சர்வரைப் பார்த்துக்கிட்டு சம்பளம் வாங்குற ஊர். அப்படிப்பட்ட நம்மகிட்ட பக்கத்து ஃப்ளாட் மாமா வந்து "தம்பி, ரெண்டு கம்ப்யூட்டர் பேச மாட்டேங்குது"ன்னா, நாம சொல்றது என்ன? "வாட்ஸப்ல அனுப்பிக்கோங்க அங்கிள்." எனக்கும் சேர்த்துத்தான் திட்டுறேன், நானும் பத்து தடவை அதையே சொல்லியிருக்கேன். தெரிஞ்சவங்க சொல்லித்தராத விஷயத்தை "யாரும் பயன்படுத்துறதில்லை"ன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

போன ஞாயித்துக்கிழமை உக்காந்து சரி பண்ணினேன். ஒரு மணி நேரம் ஆச்சு, அதுல இருபது நிமிஷம் காபி. விருந்தாளிக் கதவை மூடிட்டு சாம்பாவுல ஆளுக்கொரு பயனர், பாஸ்வேர்டு. பழைய பதிப்பு அடியோட அணைப்பு. விண்டோஸ் பொட்டிகளுக்குப் பேர் தெரியறதுக்கு டபிள்யூ.எஸ்.டி.டி.ன்னு ஒரு சின்ன நிரல். ரவுட்டர்ல பொட்டிக்கு நிரந்தர ஐ.பி. விண்டோஸ் பக்கம் வைஃபை "பொது"ன்னு இருந்தா "தனியார்"னு மாத்தணும். லேப்டாப்பைத் திறக்கிற நாலு இலக்க பின் நம்பர் அந்த லேப்டாப்புக்கு மட்டும்தான், வேற பொட்டிக்குள்ள போக செல்லாது. நிறைய பேர் அதைத்தான் திரும்பத் திரும்ப அடிச்சுட்டு அழுவாங்க. கெஸ்ட் வைஃபையில இருக்கிற பொட்டியை மத்த பொட்டிகளோட பேச விடாம ரவுட்டரே தடுத்து வெச்சிருக்கும், அதையும் பாருங்க. தமிழ்ப் பேருங்களை ஒரே வடிவத்துக்கு மாத்த தனியா ஒரு நிரல் ஓட்டினேன், அது அடுத்த பதிவுல.

முடிச்சதும் அப்பாவுக்கு போன் போட்டு "இப்ப எல்லாம் சரியாயிட்டுப்பா"ன்னேன்.

"வக்கீல் அந்த மெயில்ல வந்ததையே பிரிண்ட் எடுத்துட்டார்ல"ன்னார். "ஆனா 74 கிரயம் அதுல இல்லயாம். அத எப்ப அனுப்புத?"

டிஸ்கி: பக்கத்து ஃப்ளாட் மாமா வீட்டுக்கு வர்ற சனிக்கிழமை போறேன். மாமி அடை பண்றதா சொல்லியிருக்காங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை ;-)